அப்பாவின் கை நடுக்கத்துக்கு ஒலி அலைச் சிகிச்சை: யாருக்காவது அனுபவம் உண்டா?

பூக்கல் மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஆத்தங்குடி. அப்பாவுக்கு 63 வயசு, 40 வருஷமா பூக்கல், அதாவது தரைக்குப் போடுற பூப்போட்ட சிமெண்ட் டைல்ஸ், ஊத்துறார். வெளியூர்க்காரங்களுக்காக வேலையைக் கொஞ்சம் சொல்லிடுறேன், அப்பத்தான் என் கவலை புரியும். கண்ணாடித் தகட்டு மேல இரும்புச் சட்டம் வைப்பாங்க, அதுக்குள்ள பூ அச்சு. அச்சோட ஒவ்வொரு அறையிலயும் கலர் சிமெண்ட் பாலைக் கரண்டியால ஊத்தணும். எல்லா அறையும் நிறைஞ்சதும் அச்சை நேரா மேல தூக்கணும். தூக்கும்போது ஒரு நூல் அளவு கை ஆடினாலும் சிவப்பு மஞ்சளுக்குள்ள போயிடும். அதோட கஷ்டம் என்னன்னா, அது உடனே கண்ணுக்குத் தெரியாது. மேல மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் பண்ணி, காய வெச்சு, தண்ணித் தொட்டியில ஊற வெச்சு, கடைசியில கண்ணாடியைப் பிரிக்கும்போதுதான் பூ கலங்கினது தெரியும்.

போன மாசம் ஒரே நாள்ல அப்பா ஊத்தின 30 கல்லுல 11 கல் கலங்கிப் போச்சு. அவர் ஒண்ணும் சொல்லல. அந்தக் கல்லுங்களை மட்டும் தனியா அடுக்கி, சாக்கு போட்டு மூடி வெச்சிருந்தார். நான் போய் சாக்கைத் தூக்கிப் பாத்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்ல.

நடுக்கம் 8 வருஷமா இருக்கு. இப்ப டீ டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிக்கிறார். பேங்க்ல கையெழுத்து ஒத்து வரலன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. என் மாமா பையன் ஒரு வீடியோ காட்டினான். மண்டையைத் திறக்காம, வெளிய இருந்தே ஒலி அலையை அனுப்பி நடுக்கத்தை நிறுத்துறாங்களாம். ஊசின்னாலே பயப்படுற மனுஷன், "கத்தி இல்லேன்னா நான் வர்றேன்"னு சொல்லிட்டார்.

இது நிஜமா? இன்னொரு குழப்பமும் இருக்கு. ஒரு இடத்துல மூளையைத் தூண்டுறதுன்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல மூளையில ஒரு இடத்தைச் சுடுறதுன்னு போட்டிருக்கு. எது சரி?

செக்காலை வாசி எழுதியது:

நடுக்கம்னா பார்க்கின்சன்தான்மா. என் மாமனாருக்கும் அதுதான். லெவோடோபா மாத்திரை ஆரம்பிங்க, நல்லா கேக்கும்.

நரம்பு டாக்டர் எழுதியது:

செக்காலை வாசி அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நடுங்குகிற கை எல்லாம் பார்க்கின்சன் கை அல்ல. என்ன வியாதி என்று தெரியாமல் லெவோடோபா தொடங்கவே கூடாது.

பூக்கல் மகள், கொஞ்சம் கவனித்துச் சொல்லுங்கள். அப்பா சும்மா உட்கார்ந்து கையை மடியில் வைத்திருக்கும்போது நடுங்குகிறதா, அல்லது கரண்டியைத் தூக்கும்போதுதானா? ஒரு கையா, இரண்டு கையுமா? எழுத்து வரவரச் சின்னதாகிறதா, அல்லது பெரிதாகக் கோணிக்கொண்டு போகிறதா? நடை மெதுவாகிவிட்டதா? குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா? என்னென்ன மருந்து எடுக்கிறார்? இன்னொன்று, கேட்கிறேனே என்று தப்பாக நினைக்க வேண்டாம்: மது சாப்பிட்டால் நடுக்கம் குறைகிறதா?

பூக்கல் மகள் எழுதியது:

டாக்டர், நேத்து ராத்திரி பூரா அப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தேன். டிவி பாக்கும்போது கை மடியில அசையாம இருக்கு. சோத்துக் கை வாய்க்குப் போகும்போதுதான் ஆடுது. ரெண்டு கையிலயும் உண்டு, வலது கொஞ்சம் ஜாஸ்தி. எழுத்து பெருசாதான் இருக்கு, கொடி படர்ந்த மாதிரி. நடை நல்லாவே இருக்கு, தினம் ரெண்டு கிலோமீட்டர் நடந்தே பட்டறைக்குப் போறார்.

எங்க ஐயாவுக்கும், அதாவது அப்பாவோட அப்பாவுக்கும், கை ஆடும்னு பெரியத்தை சொல்றாங்க. வயசானா அப்படித்தான்னு அப்ப விட்டுட்டாங்களாம்.

மது விஷயம் நிஜம். கல்யாண வீட்டுல ஒரு ரவுண்டு போட்டா அன்னிக்குக் கை கல்லு மாதிரி நிக்கும், மறுநாள் முன்னைவிட அதிகமா ஆடும். இது எப்படி டாக்டர் உங்களுக்குத் தெரிஞ்சது?

மருந்துன்னா மூச்சிரைப்புக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர் மட்டும்தான். சிமெண்ட் தூசி.

நரம்பு டாக்டர் எழுதியது:

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எசென்ஷியல் ட்ரெமர் போல இருக்கிறது. பார்க்கின்சன் நடுக்கம் கை ஓய்ந்திருக்கும்போது வரும், விரல்களுக்கு நடுவே எதையோ உருட்டுவது போல. பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும், எழுத்து சுருங்கும், நடை தளரும். எசென்ஷியல் ட்ரெமர் கை வேலை செய்யும்போது வரும், இரு கைகளிலும் வரும், பலருக்குக் குடும்ப வழியாக வரும். மதுவில் குறைவது அதன் ஓர் அடையாளம். அதை மருந்தாக எடுத்துக்கொள்ளும் எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். மறுநாள் கூடுகிறது என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

நேரில் பார்க்காமல் இதை முடிவாகச் சொல்ல மாட்டேன். முதலில் தைராய்டு பார்க்க வேண்டும், அது கூடினாலும் கை நடுங்கும். சால்பியூட்டமாலும் நடுக்கத்தைக் கூட்டும். இன்ஹேலர் எப்போது தொடங்கினார், நடுக்கம் எப்போது தொடங்கியது என்று டாக்டரிடம் தேதி வாரியாகச் சொல்லுங்கள்.

இதற்கு முதல் மருந்து ப்ரொப்ரனலால். மூச்சிரைப்பு உள்ளவருக்கு அது ஆகாது, நெஞ்சை இறுக்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் தன் மாத்திரையைக் கொடுத்தால்கூட வாங்க வேண்டாம். அடுத்தது ப்ரிமிடோன். மிகச் சிறிய அளவில் ராத்திரியில் தொடங்கி மெதுவாகக் கூட்ட வேண்டும், தொடக்கத்தில் தூக்கமும் தலைசுற்றலும் வரும்.

மருந்தைச் சரியாகக் கொடுத்துப் பார்த்தும் பலன் போதவில்லை என்றால்தான் ஒலி அலை. வீடியோவில் முதலில் காட்டுவதை நாங்கள் கடைசியில்தான் எடுக்கிறோம்.

உங்கள் குழப்பத்துக்குப் பதில்: இரண்டுமே உண்மை, ஆனால் இரண்டும் வேறு வேறு. நடுக்கத்துக்கு அங்கீகாரம் பெற்றது சுடும் முறை. அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016 ஜூலையில் எசென்ஷியல் ட்ரெமருக்கு அனுமதித்தது, 2018 இறுதியில் நடுக்கம் மேலோங்கிய பார்க்கின்சனுக்கும். தூண்டும் முறை குறைந்த விசையில் செய்வது, அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

பழைய ஆய்வுக்கூடம் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வைத்தியம் எனக்குத் தெரியாது, ஒலி அலை கொஞ்சம் தெரியும்.

நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், அதற்கு மேலே அல்ட்ராசவுண்ட். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று 1880இல் க்யூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். அதைத் திருப்பிப் போட்டு, படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். அந்த அதிர்வுதான் அலை. வயிற்று ஸ்கேனில் இருப்பதும் இதே சங்கதிதான். அங்கே எதிரொலியை வாங்கிப் படம் பார்க்கிறோம், இங்கே அலையின் சக்தியையே ஓர் இடத்தில் இறக்குகிறோம்.

மூளைச் சிகிச்சைக்கான தொப்பியில் 1024 படிக முனைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6,50,000 ஹெர்ட்ஸில் அதிரும். தனித்தனியாக எதற்கும் பலம் கிடையாது, வழியில் இருக்கும் மூளையை எந்த ஒற்றை அலையும் ஒன்றும் செய்வதில்லை. குன்றக்குடித் தேர் வடம் பிடித்திருக்கிறீர்களா? ஆயிரம் பேர் ஆளுக்கொரு நேரம் இழுத்தால் தேர் அசையாது. ஒரே குரலுக்கு ஒரே நொடியில் இழுத்தால்தான் சக்கரம் உருளும். அதுபோல 1024 அலைகளும் ஒரே புள்ளியில், ஏற்றமும் இறக்கமும் ஒத்துப்போய்ச் சேரும்போது அங்கே மட்டும் சூடு ஏறுகிறது.

இது கேட்க எளிது. ஆனால் மண்டையோடு என்று ஒன்று நடுவில் இருக்கிறதே! எலும்பு ஒலியை உறிஞ்சிச் சூடாகும். தசையில் போவதைவிட எலும்பில் அலை வேகமாகப் போகும். மண்டையோட்டின் தடிமனும் இடத்துக்கு இடம் மாறும். அதனால் ஒவ்வொரு அலையும் வெவ்வேறு நேரத்தில் உள்ளே போய்ச் சேரும், இழுப்பு ஒத்துப்போகாது. இந்த ஒரு தடையைத் தாண்டத்தான் அரை நூற்றாண்டு ஆனது. 1942இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விலங்குகளின் மூளையில் இதை முயன்று பார்த்தார்கள். 1950களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃப்ரை, ஃபிரான்சிஸ் ஃப்ரை என்ற சகோதரர்கள் மனிதர் வரை வந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் மண்டையோட்டில் ஒரு துண்டை அறுத்து எடுத்துவிட்டு, அந்த வாசல் வழியாகத்தான் அலையை அனுப்ப வேண்டியிருந்தது.

வழி திறந்தது இரண்டு விஷயத்தால். ஒன்று சிடி ஸ்கேன். மண்டையோடு எங்கே எவ்வளவு தடிமன் என்று அளந்து, 1024 முனைக்கும் தனித்தனியாகத் தாமதம் கணக்கிட்டு அனுப்புகிறார்கள். முந்தி வருகிற அலையைக் கொஞ்சம் நிறுத்தி வைத்து, பிந்தி வருவதோடு சேர்த்து விடுகிறார்கள். மற்றது எம்ஆர்ஐ. உள்ளே எத்தனை டிகிரி ஏறியது என்று அந்த நொடியே காட்டும். பார்க்காமல் சுட்ட காலம் போய், பார்த்துக்கொண்டே சுடும் காலம் வந்தது. கருவி வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், எனக்கு இந்த இரண்டாவதுதான் மெய்சிலிர்க்க வைத்தது. மண்டையோட்டுக்குள் ஒரு புள்ளியின் வெப்பத்தை, தொடாமல், வெளியே இருந்து அளக்கிறார்கள்!

தேவகோட்டை தம்பி எழுதியது:

விளக்கம் நல்லா இருக்கு சார். ஆனா எனக்கு ஒண்ணு உறுத்துது. கத்தி இல்லை, தையல் இல்லைன்னு சொல்லிச் சொல்லி, மூளையில ஒரு இடத்தைச் சுட்டுப் பொசுக்குறதைச் சின்ன விஷயம் மாதிரி ஆக்கிடுறாங்க. செத்த நரம்பு திரும்பி வருமா? எங்க சித்தப்பாவுக்கு டிபிஎஸ், அதாவது மூளைக்குள்ள மின்சாரத்தால தூண்டுற கருவி, வெச்சிருக்கு. மண்டையில துளை போட்டு மின்கம்பி இறக்கி, நெஞ்சுத் தோலுக்கு அடியில பேட்டரி. ஆபரேஷன் பெருசுதான். ஆனா பிடிக்கலைன்னா நிறுத்தலாம், கூட்டலாம், குறைக்கலாம். சுட்டதை எப்படி நிறுத்துவீங்க?

நரம்பு டாக்டர் எழுதியது:

தம்பி கேட்டது மிகச் சரியான கேள்வி. சுட்டது சுட்டதுதான். அதை மறைத்து யாராவது பேசினால் அவர்களிடம் போக வேண்டாம்.

சுடும் இடம், மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸில் விம் என்ற சிறு பகுதி. சிறுமூளையிலிருந்து வரும் நடுக்கச் செய்தி அந்த வழியாகத்தான் போகிறது. 55 முதல் 60 டிகிரி வரை சூடேற்றினால் மிளகு அளவுக்கு ஒரு புண் உண்டாகும். அவ்வளவுதான் சிகிச்சை. ஆனால் நேரே அந்தச் சூட்டுக்குப் போவதில்லை. முதலில் இதமான சூடு கொடுத்து, புள்ளி சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு 50 டிகிரியை ஒட்டி ஏற்றுவார்கள். அந்தச் சூட்டில் நரம்பு சாகாது, சற்று நேரம் மயங்கும். நடுக்கம் குறைகிறதா, உதடு மரக்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று நோயாளியையே கேட்பார்கள். அவர் முழு விழிப்பில்தான் இருப்பார். தப்பான இடம் என்றால் நகர்த்தலாம். திரும்ப முடியாத அடியை வைப்பதற்கு முன்னால் கிடைக்கும் வாய்ப்பு அது.

கணக்கும் சொல்கிறேன். 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி எலியாஸ் தலைமையில் 76 பேரிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. 56 பேருக்கு நிஜச் சிகிச்சை. 20 பேருக்குத் தொப்பி எல்லாம் மாட்டி, அலை மட்டும் அனுப்பவில்லை. மூன்று மாதத்தில் நிஜச் சிகிச்சை பெற்றவர்களின் கை நடுக்க மதிப்பெண் 18.1இலிருந்து 9.6க்கு இறங்கியது, ஏறக்குறைய பாதி. மற்றவர்களுக்கு மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். ஓராண்டு முடிவில் குறைவு 40 சதவீதமாக நின்றது, அதாவது சிலருக்குக் கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

பக்கவிளைவும் அதே ஆய்வில்: 36 சதவீதம் பேருக்கு நடை தடுமாறியது, 38 சதவீதம் பேருக்கு மரத்துப்போதல். ஓராண்டுக்குப் பிறகும் 9 சதவீதத்துக்கு நடைக் கோளாறும் 14 சதவீதத்துக்கு மரத்தலும் நீடித்தன. நடந்தே பட்டறைக்குப் போகிற ஒருவருக்கு இந்த 9 சிறிய எண் அல்ல.

முதலில் ஒரு பக்க மூளைக்கு மட்டும்தான் செய்வார்கள், அதன் பலன் எதிர்ப் பக்கக் கைக்கு. இரண்டாம் பக்கத்துக்கு 2022 டிசம்பரில் எஃப்டிஏ அனுமதி கொடுத்தது, இடையில் குறைந்தது ஒன்பது மாதம் விட வேண்டும்.

கானாடுகாத்தான் பேத்தி எழுதியது:

எங்க அப்பத்தாவுக்கு இதைச் செஞ்சு 14 மாசம் ஆச்சு. அதனால எழுதுறேன்.

அப்பத்தாவுக்கு 74. கோலம்னா அவங்கதான். கல்யாணம், காட்சின்னா நாலு வீட்டுல இருந்து ஆள் வந்து நடுவீட்டுக் கோலம் போடக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. பச்சரிசி மாவைக் கரைச்சு, துணியை நனைச்சு உள்ளங்கையில பிடிச்சு, மோதிர விரல் வழியா இழை இறக்குவாங்க. கை ஆட ஆரம்பிச்சதும் வளவுப் (வீட்டு நடு முற்றம்) பக்கமே வர்றதை விட்டுட்டாங்க. பிள்ளையார் நோன்பு அன்னிக்கு இழை எடுக்கும்போது (திரி ஏத்தின மாவை அப்படியே வாயில போட்டுக்குவோம்), திரி எரியுற மாவை வாய்க்குக் கொண்டுபோக முடியாம கை ஆடி, முந்தானையில நெருப்பு பட இருந்துச்சு. நான்தான் தாவிப் பிடிச்சேன். அன்னிக்கு ராத்திரிதான் வீட்டுல பேசினோம்.

மருந்து ரெண்டு வருஷம் பாத்தாச்சு. ஒண்ணு கேக்கல, இன்னொண்ணுல நாள் பூரா தூக்கம். கோயம்புத்தூர்ல இந்த இயந்திரம் இருக்குன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

முடி முழுசா எடுக்கணும்னு சொன்னதும் நாங்க எல்லாம் அழுதுட்டோம். அப்பத்தா அழல. "தைப்பூசத்துக்கு நடந்து போயி பழனியில இறக்கினதா நெனச்சுக்கிறேன்"னாங்க. ஐயா காலமாகி எட்டு வருஷம் ஆகியும் அந்த முடியை யாரும் தொட்டதில்ல.

அப்புறம் தலையில நாலு இடத்துல மரத்துப்போற ஊசி போட்டு ஒரு சட்டம் மாட்டினாங்க. நிஜமா வலிச்சது அந்த ஊசிதான்னு இன்னிக்கும் சொல்வாங்க. நெத்தியைச் சுத்தி ரப்பர் விரிப்பு, அதுக்கும் தொப்பிக்கும் நடுவுல சில்லுனு தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், மண்டையோடு சூடாகாம இருக்க. கையில ஒரு பட்டன் கொடுப்பாங்க, தாங்கலைன்னா அமுக்கினா உடனே நிறுத்திடுவாங்க. எம்ஆர்ஐக்குள்ள படுத்தது மூணு மணி நேரத்துக்கு மேல. ஒவ்வொரு தடவையும் அலை சில நொடிதான், அப்புறம் இடைவெளி. நடுவுல டாக்டர் உள்ள வந்து பலகையில பேப்பரைப் பிடிச்சு, சுருள் வரையச் சொல்வார்.

முதல் சுருள் கோழி கிண்டின மாதிரி இருந்துச்சு. நாலாவது தடவை கொஞ்சம் வட்டம் தெரிஞ்சது. கடைசித் தடவை சுருளை முடிச்சிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுக்காம பேப்பர் ஓரத்துல ஒரு கோல இழையைச் சுத்தி மூடியிருக்காங்க. அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கி வந்து சாமி வீட்டுல வெச்சிருக்கோம்.

நல்லதை மட்டும் சொல்லக் கூடாதில்லையா. ரெண்டு தடவை வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சாம், தலை சுத்தல் பலமா இருந்துச்சாம். வீட்டுக்கு வந்து மூணு வாரம் நடை ஒரு பக்கம் சாஞ்சது, ரெண்டாங்கட்டுப் படியில ஆள் பிடிச்சுத்தான் இறங்கினாங்க. கீழ் உதடு இன்னும் லேசா மரப்பு. இடது கை முன்ன மாதிரியே ஆடுது. வலது கையில, போன வருஷம் இருந்ததைவிட இப்ப ஒரு துளி நடுக்கம் திரும்பியிருக்கு. ஆனா மார்கழி பூரா வாசல்ல கோலம் அவங்கதான் போட்டாங்க. செலவு லட்சக்கணக்குல ஆகும், அதுக்குத் தயாரா போங்க.

புதுவயல் மெடிக்கல் எழுதியது:

எங்க பக்கம் ஒரு மையத்துல நோட்டீஸ் கொடுக்குறாங்க. ஒலி அலையால மூளையைத் தூண்டி ஞாபக மறதி, மனச்சோர்வு, பிள்ளைங்களோட படிப்பு எல்லாத்தையும் சரி பண்றாங்களாம். பத்து தடவை வந்தா ஒரு தடவை இலவசமாம். இந்தப் பதிவுகளைப் படிச்சதும் கேக்கணும்னு தோணுச்சு. இதுவும் அதுவும் ஒண்ணா? நோட்டீஸ்ல போன் நம்பர் இருக்கு, போடவா?

நெறியாளர் எழுதியது:

எண், மையத்தின் பெயர் எதையும் இங்கே போட வேண்டாம். கேள்வி இருக்கட்டும்.

நரம்பு டாக்டர் எழுதியது:

ஒன்றல்ல. தயவுசெய்து யாரும் போகாதீர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள்.

குறைந்த விசை அலை மூளையைச் சுடாது, சூடும் ஏறாது என்றே சொல்லலாம். நரம்புச் செல்லின் சவ்வை மெல்ல அதிரச் செய்கிறது, அழுத்தத்தை உணர்கிற அயனி வாசல்கள் அதனால் திறக்கலாம் என்பது இப்போதைய விளக்கம். தலைக்கு வெளியே காந்தம் வைத்துத் தூண்டும் முறை மூளையின் மேற்பரப்போடு நின்றுவிடும். ஒலி அலை ஆழத்தில் இருக்கும் ஒரு சிறு இடத்தை மட்டும் தொடக்கூடியது. ஆராய்ச்சியாளர்களுக்கு அதனால்தான் இத்தனை ஆர்வம், எனக்கும்தான். 1958இலேயே ஃப்ரை குழு பூனையின் பார்வை நரம்புப் பாதையைச் சற்று நேரம் அடக்கி, அது பிறகு மீண்டதைக் காட்டியது. 2014இல் வின் லெகான் குழு மனிதரின் தொடு உணர்வுப் பகுதியில் அலை செலுத்தி, தொடுதலைப் பிரித்தறியும் திறன் கூடுவதைக் காட்டியது. 2016இல் கலிஃபோர்னியாவில், கோமாவிலிருந்து மீண்டுகொண்டிருந்த 25 வயது இளைஞர் ஒருவரின் தலாமஸில் செலுத்திப் பார்த்தார்கள். அவர் தேறினார். ஆனால் அது அலையாலா, அவராகவே தேறினாரா என்று ஒரே ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது என்பதை அந்த ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள்.

மறதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்தி, அலையால் அவற்றை அதிர வைத்து, மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பைச் சில மணி நேரம் திறக்கலாம். 2024 ஜனவரியில் வெளிவந்த ஆய்வில், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் மூன்று அல்சைமர் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்ததோடு தடுப்பையும் இப்படித் திறந்தார்கள். திறந்த இடத்தில், அந்த நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவு அதிகமாகக் குறைந்தது. மூன்றே பேர். ஞாபகம் திரும்பியது என்று அவர்கள் சொல்லவில்லை. அதை நோட்டீஸ் அடித்து விற்க முடியாது.

பழைய ஆய்வுக்கூடம் எழுதியது:

டாக்டர் சொன்னதோடு கருவிக்காரன் பேச்சாக ஒன்று. 2018இல் இரண்டு குழுக்கள் எலி, கினிப் பன்றிகளில் பார்த்துச் சொன்னது: ஒலி அலை செலுத்தியபோது மூளை தூண்டப்பட்டது உண்மை, ஆனால் அதில் பெரும்பங்கு விலங்கின் செவி உறுப்பு அந்த அதிர்வை உணர்ந்ததால் வந்தது. அதன் பிறகு எல்லோரும் சோதனை முறையையே மாற்ற வேண்டியிருந்தது. பெரிய ஆய்வுக்கூடங்களே இப்படித் தம்மைத் திருத்திக்கொண்டிருக்கும் வேளையில், சிடி எடுக்காமல், மண்டையோட்டை அளக்காமல் ஒரு கருவியைத் தலையில் வைப்பவருக்கு அலை எங்கே விழுகிறது என்றே தெரியாது.

புதுவயல் மெடிக்கல் எழுதியது:

நன்றி டாக்டர். கடைக்கு வந்து கேக்குறவங்க கிட்ட இதைத்தான் சொல்லப் போறேன். நோட்டீஸை எடுத்துட்டேன்.

பூக்கல் மகள் எழுதியது (மூன்று மாதம் கழித்து):

எல்லாரும் எப்படி ஆச்சுன்னு கேட்டிருந்தீங்க. தாமதத்துக்கு மன்னிக்கணும்.

மதுரையில நரம்பியல் டாக்டரைப் பாத்தோம். எசென்ஷியல் ட்ரெமர்தான். தைராய்டு சரியா இருக்கு. இன்ஹேலர் ஆரம்பிச்சது அஞ்சு வருஷம் முன்னாடி, நடுக்கம் அதுக்கும் முந்தி. ஆனா கல் ஊத்தப் போறதுக்கு முன்னாடிதான் அப்பா ரெண்டு தடவை அடிச்சுக்கிட்டுப் போவார்! மூச்சுக்கு வேற மருந்து மாத்திக் கொடுத்ததுல காலை நடுக்கமே கொஞ்சம் அடங்குச்சு. நீங்க தேதி எழுதச் சொல்லலைன்னா இதை யாரும் கவனிச்சிருக்க மாட்டோம் டாக்டர்.

ப்ரிமிடோன் ஆரம்பிச்சோம். முதல் வாரம் அப்பா பத்து மணி வரைக்கும் தூங்கினார், பயந்துட்டோம். அப்புறம் சரியாச்சு. டீயை ஒரு கையால குடிக்கிறார். ஆனா அச்சைத் தூக்கும்போது இன்னும் ஆடுது. 30க்கு அஞ்சு, ஆறு கல் போகுது.

அதனால கோயம்புத்தூர் போய் சிடி எடுத்தோம். அங்கதான் எனக்குப் புதுசா ஒண்ணு தெரிஞ்சது. மண்டையோட்டுல வெளி எலும்பு கெட்டி, நடு எலும்பு பஞ்சு மாதிரி இருக்குமாம். ரெண்டோட அடர்த்திக்கும் ஒரு விகிதம் பாப்பாங்களாம். அது 0.40ஐ ஒட்டியாவது இருக்கணும். குறைஞ்சா அலை உள்ள போகாம எலும்புலயே சிதறி, தலைதான் சூடாகும், உள்ள வேண்டிய சூடு ஏறாது. அப்பாவுக்கு 0.31.

அவ்வளவுதான். வேற எல்லாம் பொருந்தியும் முடியாதுன்னு சொல்லிட்டாங்க. பணத்தை வாங்கிக்கிட்டுச் செஞ்சு பாக்கலாம்னு சொல்லாம, நேரா சொன்னதுக்கு அவங்களுக்கு நன்றி. கார்ல திரும்பி வரும்போது அப்பா ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தார். திருப்பத்தூர் தாண்டினதும், "என் மண்டை கெட்டின்னு உங்க ஆத்தா அப்பவே சொல்லுவா"ன்னார். எனக்குத்தான் தாங்கல.

நரம்பு டாக்டர் எழுதியது:

கெட்டியான மண்டை என்பதல்ல, நடு எலும்பு வெளி எலும்பைவிட ரொம்பவே மென்மை என்பதுதான் விஷயம். அது பிறவி அமைப்பு, நோய் அல்ல என்று அப்பாவிடம் சொல்லுங்கள். டிபிஎஸ்ஸுக்கு இந்த விகிதம் தடையில்லை. மூச்சிரைப்பு கட்டுக்குள் இருக்கிறதா என்று மயக்க மருந்து டாக்டர் பார்க்க வேண்டும், அவ்வளவே. அவசரம் ஒன்றும் இல்லை. ப்ரிமிடோன் அளவை இன்னும் கூட்ட இடமிருக்கிறதா என்று அடுத்த தடவை கேளுங்கள்.

பூக்கல் மகள் எழுதியது:

கேக்கிறேன் டாக்டர். இப்போதைக்கு பட்டறையில ஒரு ஏற்பாடு. கலர் கலக்குறது அப்பா. அந்தப் பக்குவம் அவர் கைக்குத்தான் வரும், பால் எவ்வளவு திக்கா இருக்கணும்னு கரண்டியில இருந்து விழுறதைப் பாத்தே சொல்லிடுவார். ஊத்துறதும் அவர்தான். அச்சைத் தூக்குறது மட்டும் என் தம்பி. நேத்து பிரிச்சதுல 28 கல்லும் சுத்தம்.

டிபிஎஸ்னா பயப்படுறார். நெஞ்சுல பேட்டரி வெச்சுக்கிட்டு சிமெண்ட் மூட்டை தூக்கலாமான்னு கேக்குறார். வெச்சவங்க யாரையாவது ஒரு தடவை கண்ணால பாக்கணும்கிறார். தேவகோட்டை தம்பி, உங்க சித்தப்பாகிட்ட கேட்டுச் சொல்ல முடியுமா?

தேவகோட்டை தம்பி எழுதியது:

கேட்டுட்டேன் அக்கா. ஞாயித்துக்கிழமை காலையில அப்பாவைக் கூட்டிக்கிட்டு வாங்க, சித்தப்பா வீட்டுலயே இருப்பார். சட்டைப் பட்டனைக் கழட்டிப் பேட்டரி இருக்கிற இடத்தைக் காட்டுறேன்னு சொல்லியிருக்கார். வர்றப்ப ஒரு கலங்கின கல்லும் எடுத்துட்டு வாங்க, எப்படி இருக்கும்னு அவர் பாக்கணுமாம். அவர் தச்சு வேலை பாத்தவர்.